சாந்தா கம்பு

சர்க்கரை வந்தவர்கள் சப்பாத்தி சாப்பிட வேண்டும். இது ஊரறிந்த விஷயம். நான் கண்டக்டராக ஓடிய காலத்தில் எங்கள் டிரைவர்களில் பாதிப் பேருக்குச் சர்க்கரை. கீழ்பென்னாத்தூரில் வண்டியை ஓரங்கட்டி டிபன் பாக்ஸைத் திறந்தால் அத்தனை பேரிடமும் சப்பாத்திதான் இருக்கும். அப்படியிருக்க, என் மகள் வயதுகூட ஆகாத ஒரு பெண் என்னை எதிரே உட்காரவைத்து, "கோதுமையும் வேணாங்க சார், அதுவும் மாவுச்சத்துதான்" என்றால் எனக்குத் தலை சுற்றுமா சுற்றாதா?

இது நடந்தது கண் ஆஸ்பத்திரியில். என் மனைவி பொன்னிக்கு இரண்டு கண்ணிலும் புரை விழுந்திருந்தது, வலது கண் ரொம்ப மோசம். வேங்கிக்காலில் எங்கள் வீட்டு முன்னறையில் மிஷின் போட்டு அவள் ஜாக்கெட் தைக்கிறாள். கலெக்டர் ஆபீஸ் பெண்கள் பலர் அவளிடம்தான் துணி கொடுப்பார்கள். பொன்னி தைத்தால் தோளில் ஒரு சுருக்கம் விழாது என்று பேர். அந்தப் பேர் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருந்தது. ஊசியில் நூல் கோர்க்க அவளால் முடியவில்லை, நான்தான் கோர்த்துக் கொடுத்தேன். ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்கு இடது கையை வலது பக்கம் வைத்துத் தைத்துவிட்டாள். துணி கொடுத்த அம்மா வாங்கிக்கொண்டு போனார், அப்புறம் இந்தத் தெருப் பக்கமே வரவில்லை. அன்றைக்குப் பொன்னி மிஷின் மேல் ஒரு பழைய புடவையைப் போட்டு மூடிவிட்டு, கண் சரியாகவில்லை என்றால் இதை விற்றுவிடுங்கள் என்றாள். அந்த மிஷின் சத்தம் இல்லாத வீட்டில் நான் இருந்ததே இல்லை.

ஆபரேஷன் செய்தால் நன்றாகத் தெரியும் என்றார் டாக்டர். ஆனால் அவளுக்கு இருக்கிற சர்க்கரை இறங்கினால்தான் தேதி கொடுப்பேன் என்று கறாராகச் சொல்லிவிட்டார். சாப்பாட்டைச் சரிசெய்யுங்கள் என்று, அங்கே டயட் சொல்கிற அந்தச் சின்னப் பெண்ணிடம் அனுப்பியதும் அவர்தான்.

அதற்கு முன்பே சமையல் என் கைக்கு வந்திருந்தது. சூடான எண்ணெய்ச் சட்டி எது, ஆறின சட்டி எது என்று தெரியாமல் பொன்னி கையைச் சுட்டுக்கொண்டதிலிருந்து நான்தான் அடுப்படி. எனக்குச் சமையல் தெரியாது. ஆனால் கோபம் வரும், அதனால் எதையும் விடமாட்டேன். சோறு கூடாது என்பதால் பொன்னிக்குக் கோஸைப் பொடியாக நறுக்கி வேகவைத்துப் போட்டேன். கோஸ் மேல் குழம்பை ஊற்றினால் அது தட்டின் மறுபக்கம் ஓடிப் போய் நின்றது. தண்ணீர்க் குழம்பு அவளுக்குத் தொண்டையில் இறங்காது. கெட்டிக் குழம்பு ஒன்றுதான் அவள் நாக்குக்கு மிச்சம். அரிசி மாவு கூடாது, சரி, சர்க்கரைக்குக் கோதுமை நல்லதாயிற்றே என்று இரண்டு கரண்டி கோதுமை மாவைக் கரைத்து ஊற்றினேன். குழம்பு நச்சென்று கோஸில் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெருமையைத்தான் ஆஸ்பத்திரியில் சொல்லப் போய் மாட்டிக்கொண்டேன்.

கோதுமை மாவு கூடாது, சோள மாவு கூடாது, உருளைக்கிழங்கை மசித்துப் போடவும் கூடாது என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே போனாள். அப்புறம் குழம்பு எப்படித்தான் கெட்டியாகும் என்று கேட்டேன். அதற்கும் அவள் பொறுமையாக ஏதோ பதில் சொன்னாள். நான் கோதுமையிலேயே நின்றுவிட்டேன், அதற்கு மேல் எதுவும் உள்ளே ஏறவில்லை. அத்தனை டிரைவர்களும் அத்தனை வருஷமும் ஏமாந்தார்களா? என்னால் நம்பவும் முடியவில்லை, நம்பாமல் இருக்கவும் முடியவில்லை.

வீட்டுக்கு வந்து பெங்களூரில் இருக்கும் எங்கள் மகள் ஆர்த்தியிடம் புலம்பினேன். அவள் வீட்டில் அவளும் மாப்பிள்ளையும் சோறே தொடுவதில்லை, உடம்பு இளைக்க ஏதோ ஒரு சாப்பாட்டு முறை. ஆபீஸில் இருக்கிறேன் என்று சொல்லி, கொஞ்ச நேரத்தில் வாட்ஸப்பில் பேசி அனுப்பினாள். போனைக் காதில் வைத்துக் கேட்டேன். என் இடது காது விசில் ஊதி ஊதி மந்தமாகிவிட்டது என்று பொன்னி சொல்வாள். நான் ஒப்புக்கொள்வதில்லை. ஆனாலும் பொண்டாட்டி கண் விஷயமாயிற்றே என்று வலது காதிலும் வைத்துக் கேட்டேன். இரண்டு காதிலும் ஒன்றுதான் விழுந்தது.

"அப்பா, எந்த மாவும் கரைச்சு ஊத்தாத. கம்பு போடுப்பா. கடையில சாந்தா கம்புனு கேட்டு வாங்கு. கம்மியா போடணும், கால் ஸ்பூன் போதும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கம்பு! இதற்கா இத்தனை பாடு? எங்கள் கொல்லையில் விளைந்ததுதானே, வெயில் காலம் முழுக்கக் கூழ் குடித்தவன்தானே நான். டிவியைத் திறந்தால் சர்க்கரைக்குச் சிறுதானியம் சாப்பிடுங்கள் என்று தினமும் ஒருவர் உட்கார்ந்து சொல்கிறார். படித்த மகள் கடைசியில் நம் வழிக்கு வந்துவிட்டாளே என்று சந்தோஷமாக இருந்தது. சாந்தா என்பது மட்டும் பிடிபடவில்லை. ஏதோ புது ரகமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தெருமுனை மளிகைக் கடை இளவரசனிடம் சாந்தா கம்பு கேட்டேன். அவன் தராசை விட்டுவிட்டு என்னைப் பார்த்தான். அப்படி ஒரு ரகம் கேள்விப்பட்டதில்லை, ஆந்திரா சரக்காக இருக்கும் என்றான். டவுனுக்குப் போய்த் தேரடித் தெருவில் இரண்டு கடை ஏறி இறங்கினேன். ஒரு கடையில் சாந்தா அரிசி இருக்கிறது, கம்பு இல்லை என்றார்கள். இன்னொரு கடைக்காரர் ஜவ்வாது மலைப் பக்கம் விசாரிக்கச் சொன்னார். அப்படி ஒன்று கிடையாது என்று யாருமே சொல்லவில்லை, அதுதான் வினை. கடைசியில் இளவரசனிடமே திரும்பி வந்து நாட்டுக்கம்பு மாவு வாங்கினேன். கம்பு கம்புதானே.

கால் ஸ்பூன் போட்டேன். குழம்பு அசைந்துகூடக் கொடுக்கவில்லை. பெங்களூரில் இரண்டு பேருக்கு ஒரு கிண்ணம் குழம்பு வைக்கிறவளுக்கு அளவு என்ன தெரியும் என்று ஒரு கைப்பிடி அள்ளிப் போட்டுக் கிண்டினேன். ஆஹா, குழம்பு என்றால் அது குழம்பு. பொன்னி முதல் வாய் வைத்துவிட்டு ஒரு நொடி நின்றாள். என் பக்கம் முகத்தைத் திருப்பி உற்றுப் பார்த்தாள். அவளுக்கு என் முகம் எவ்வளவு தெரிந்ததோ தெரியாது. நல்லா இருக்குதா என்று கேட்டேன். "நல்லா இருக்குதுங்க" என்றாள். அன்றைக்குக் கோஸ் மிச்சமில்லை, குழம்பும் மிச்சமில்லை. மறுநாள் இன்னும் கொஞ்சம் ஜாஸ்தியாகப் போட்டேன். அதற்கு மறுநாள் இன்னும் கொஞ்சம்.

ஆர்த்தி போனில், போட்டியாப்பா, கெட்டியாச்சா என்று கேட்டாள். போட்டேன், சூப்பரா வருது என்றேன். அம்மா பிடித்துச் சாப்பிடுகிறாள் என்றும் சொன்னேன். அப்பா மாதிரி யார் செய்வாங்க என்றாள். எனக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஆனால் சர்க்கரை ஏறியது. வீட்டில் விரலைக் குத்திப் பார்க்கிற மிஷின் இருக்கிறது. அதில் ஒவ்வொரு தடவையும் முன்னைவிட ஜாஸ்தியாகத்தான் காட்டியது. மிஷின்தான் கெட்டுவிட்டது என்று லேபில் போய் எடுத்தோம், அங்கேயும் அதே கதி. சோறு இல்லை, இட்லி இல்லை, கோதுமை இல்லை, டீயில் சர்க்கரை இல்லை. பின்னே எங்கிருந்து ஏறுகிறது? மாத்திரையை மாற்றிக் கொடுத்திருப்பார்களோ என்று அட்டையைக் கொண்டுபோய் மருந்துக் கடையில் சரிபார்த்தேன், சரியாகத்தான் இருந்தது. கோஸில் ஏதாவது இருக்கிறதோ என்று கோஸை நிறுத்திவிட்டுச் சுரைக்காய்க்கு மாறினேன். அன்றைக்கும் ஏறியது. எனக்கு எதுவும் புரியவில்லை. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு, இப்போது முடியாது, அடுத்த மாதம் பார்க்கலாம் என்றார். ஆட்டோவில் திரும்பி வரும்போது பொன்னி என்னிடம், மிஷினுக்கு யாராவது ஆள் இருந்தால் பாருங்கள் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அந்த வாரம் பௌர்ணமி வந்தது. பொன்னி மாதம் தவறினாலும் கிரிவலம் தவறமாட்டாள். கண் தெரியாததால் பக்கத்து வீட்டு ராஜம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு போனாள். எனக்கு முழங்கால் வலி, போகவில்லை. மறுநாள் காலையில் ராஜம்மாள் தண்ணீர்க் குழாயடியில் என்னைப் பார்த்து, வழியெல்லாம் அன்னதானம், கூட்டத்தில் நசுங்கிவிட்டோம் என்று பேசிக்கொண்டே இருந்தாள். "சர்க்கரைப் பொங்கல் மட்டும் மூணு இடத்துல குடுத்தாங்க. அக்காகூட ஒரு தொன்னை வாங்கிச்சு" என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

எனக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்கியதாக நினைத்தேன். டிக்கெட் வாங்காமல் ஒளிந்து வருகிறவனைப் பிடித்த மாதிரி ஒரு வேகம் வந்தது. நேரே உள்ளே போனேன். பொன்னி மிஷின் முன்னால் கையில் நூலோடு உட்கார்ந்து ஊசியைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"நேத்து சர்க்கரைப் பொங்கல் வாங்கினியாமே?"

"வாங்கினேன்" என்றாள்.

அதற்கு மேல் அவளை நான் பேசவிடவில்லை. "வெளிய தொன்னை தொன்னையா துன்னுட்டு வர. வீட்ல ஒண்ணும் தெரியாதவ மாதிரி கோசு துன்ற. அப்ப நான் எதுக்கு அடுப்பாண்ட நின்னு வேகறேன்? கண்ணு வேணாம்னு நீயே முடிவு பண்ணிட்ட. மிஷின நாளைக்கே வித்துடறேன், போ."

பொன்னி நூலைக் கீழே வைத்தாள். என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. அழவும் இல்லை. மத்தியானம் தட்டில் குழம்பை ஊற்றப் போனேன், தட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

அன்றிலிருந்து என் குழம்பை அவள் தொடவில்லை. இரண்டு முட்டை, மோர், வெந்த காய், கொஞ்சம் தேங்காய்ச் சில். தட்டை எடுத்துக்கொண்டு மிஷினிடம் போய் உட்கார்ந்து சாப்பிட்டாள். என்னோடு பேச்சும் இல்லை. ரோஷம் என்றால் பொன்னிக்கு அப்படியொரு ரோஷம். குழம்பு முழுக்க நானே சாப்பிட்டேன். நானும் விடவில்லை, தினமும் வைத்தேன், தினமும் அவள் பார்வை படுகிற இடத்தில் வைத்தேன். அவளுக்கு அது தெரியாது என்பது அப்புறம்தான் உறைத்தது.

அப்போதுதான் அந்த அதிசயம் நடந்தது. சர்க்கரை இறங்க ஆரம்பித்தது. விரலைக் குத்தும்போதுகூட அவள் வாயைத் திறக்கவில்லை, கையை மட்டும் நீட்டினாள். ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் கம்மி. டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்து, என்ன செய்தீர்கள், அதையே தொடர்ந்து செய்யுங்கள் என்று சொல்லி ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தார். கோபித்துக்கொண்டால் சர்க்கரை இறங்குமா? அதை அவரிடம் எப்படிக் கேட்பது? வெளியே வந்து பொன்னியிடம், "பாத்தியா, பொங்கல நிறுத்தின, எறங்கிடுச்சு" என்றேன். என் புத்தி அப்படித்தான் வேலை செய்தது. அவள் ஆட்டோவில் ஏறி மறுபக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.

ஆபரேஷனுக்கு முன்னால் ஆர்த்தி வந்துவிட்டாள். வந்ததும் பையைக்கூட இறக்காமல் அடுப்படிக்கு வந்து டப்பாக்களைத் திறந்து பார்த்தாள். பெரிய டப்பாவை எடுத்து மோந்து பார்த்துவிட்டு, இவ்வளவு கம்பு மாவு எதுக்குப்பா என்றாள்.

"எதுக்கா? நீதான போடச் சொன்ன? சாந்தா கம்பு கெடைக்கல, இது நாட்டுக்கம்பு."

அவள் என்னையும் டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தாள். போனை எடுத்து, தான் பேசி அனுப்பியதைத் தேடி, சத்தமாக வைத்தாள். "கம் போடுப்பா. கடையில சாந்தன் கம்னு கேட்டு வாங்கு. கம்மியா போடணும்." அப்போதும் எனக்குக் கம்பு என்றுதான் விழுந்தது. அவள் நிறுத்தி நிறுத்தி, உதட்டைக் காட்டிச் சொன்னாள். கம். இங்கிலீஷில் பிசினுக்கு அதுதான் பேராம், இது பிசின் மாதிரி ஒரு பொடியாம், சிட்டிகை போட்டால் குழம்பு கெட்டியாகுமாம், சர்க்கரையை ஏற்றாதாம். கம்பு நல்லதுதானே, டிவியில் சொல்கிறார்களே என்றேன். "நல்லதுதாம்பா. ஆனா அதுலயும் மாவுச்சத்து இருக்குது. கிண்ணம் கிண்ணமா குடுத்தா ஏறாம இன்னா பண்ணும்?" என்றவள், நான் எவ்வளவு போட்டேன் என்பதைக் கேட்டுவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டாள்.

நான் அடுப்படியிலேயே நின்றேன். கோதுமை கெட்டது, கம்பு நல்லது, ஆனால் கெட்டது, பிசின் நல்லது. ஒன்றும் எனக்குள் ஒழுங்காக உட்காரவில்லை. ஒன்றே ஒன்று மட்டும் உட்கார்ந்தது. ஏற்றியது நான். இறக்கியது அவளுடைய ரோஷம். அவள் கோபித்துக்கொள்ளாமல் இருந்திருந்தால் தேதியே கிடைத்திருக்காது.

முன்னறைக்குப் போனேன். பொன்னிக்கு எல்லாம் காதில் விழுந்திருந்தது, அவளுக்குக் காது நன்றாகக் கேட்கும். மிஷின் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். குழம்பில் கம்பு போட்டது உனக்குத் தெரியவில்லையா என்று கேட்டேன். முதல் வாயிலேயே தெரிந்தது, கூழ் வாசனை தெரியாதவளா நான் என்றாள். டிவியில் சொல்கிறார்கள், மகளும் சொல்லியிருக்கிறாள், நீங்களும் கேட்டு விசாரித்துத்தானே போடுகிறீர்கள் என்று நினைத்தாளாம்.

"அப்ப அந்தத் தொன்னை?" என்றேன்.

பொன்னி மடியில் இருந்த துணியை நீவிவிட்டாள்.

"கையில வாங்கினேன். நெய்யா இருந்துச்சு. எத்தினி மாசமாச்சு, வாயில தண்ணி ஊறுச்சு. அப்பறம் நீங்க வேர்க்க விறுவிறுக்க குழம்பு கிண்டிக்கிட்டு நின்னது ஞாபகம் வந்துச்சு. இத துன்னா நாம மனுசியானு தோணுச்சு. பக்கத்துல ஒரு பொண்ணு வந்துச்சு, அதுங்கையில குடுத்துட்டு நடந்துட்டேன்."

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "அன்னைக்கே சொல்லி இருக்கலாம் இல்ல?" என்றேன்.

"துன்னியானு நீங்க கேக்கலையே. துன்னேனு நீங்களே சொல்லிட்டீங்க" என்றாள். "உங்களுக்குக் காது கேக்காதது கம்முக்கு மட்டும் இல்லங்க."

நான் அழுதேன். அவளுக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டு அழுதேன். அவள் கையை நீட்டித் தடவி, என் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மிஷின் மேல் வைத்தாள்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. கறுப்புக் கண்ணாடி, சொட்டு மருந்து, குனியக் கூடாது, தலைக்குத் தண்ணீர் கூடாது என்று நாட்கள் போயின. ஆர்த்தி பெங்களூர் கிளம்பும்போது அந்தப் பொடியை ஒரு சின்னப் பாக்கெட்டில் கொடுத்துவிட்டுப் போனாள். முதல் நாள் கொதிக்கிற குழம்பில் அப்படியே தூவினேன், ஜவ்வரிசி மாதிரி உருண்டை உருண்டையாக வழுக்கிக்கொண்டு நின்றது. கரண்டியை விட்டெறியலாம் போல வந்தது. எண்ணெயில் குழைத்து ஊற்ற வேண்டுமாம், அதை அவள் சொன்னாளா, என் காதில்தான் விழவில்லையா, இன்று வரை எனக்குத் தெரியாது.

நேற்று எண்ணெயில் குழைத்து, பயந்து பயந்து, ஒரு சிட்டிகையிலும் பாதி போட்டுக் கத்தரிக்காய்க் குழம்பு வைத்தேன். தட்டை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போனபோது பொன்னி என்னைக் கூப்பிடாமலே ஊசியில் நூலைக் கோர்த்துக்கொண்டிருந்தாள். ஒரே தடவையில் போய்விட்டது. எதுவும் நடக்காதது போலத் தட்டை வாங்கி, கோஸோடு குழம்பைப் பிசைந்து ஒரு வாய் வைத்தாள்.

நல்லா இருக்குதா என்று கேட்டேன். நல்லாத்தான் இருக்கும் என்று வாய் வரை வந்ததை விழுங்கிக்கொண்டு, வலது காதை அவள் பக்கம் திருப்பி நின்றேன். அவள் இரண்டாவது வாய் சாப்பிட்டாள், என் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"தண்ணியா இருக்குதுங்க" என்றாள்.

சரியாகக் கேட்டது.